துருவத் தீவுப் பனியும் எங்கள் ஊர்ச் சந்தேகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்பாக்கத்தில் சிறியதாக ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறேன். கிழக்கே பழவேற்காடு ஏரி, வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆந்திர எல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் இறால் குட்டைக்காரர்கள். மீதிப் பேர் போர் தண்ணீர் கரிக்கிறது என்று பாட்டிலோடு வருபவர்கள். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள்.

கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறேன். கம்பளிக் கோட்டும் குல்லாவுமாக, குளிர் அறையில், கையில் ஒரு பனி உருளையோடு நான். இந்தக் கடை போடுவதற்கு முன் சில ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் துருவப் பனியைச் சோதிக்கும் கருவியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு அந்தப் போட்டோதான் பொழுதுபோக்கு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் துருவத்துக்குப் போனதில்லை. துருவம்தான் சின்னச் சின்னக் குப்பிகளில் என் மேஜைக்கு வந்தது.

துருவப் பனியைத் துளைத்து எடுத்த அந்த உருளையை ஐஸ் கோர் என்று கூடத்தில் சொல்வோம். இங்கே பனித்தண்டு என்று எழுதுகிறேன். பார்க்க உரித்த வாழைத்தண்டு மாதிரிதான் இருக்கும்.

ஏம்மா, ஐஸுல இன்னா இருக்கப் போவுது? தண்ணிதானே?

ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டது. நான் அவர் ஐஸ் பாரையே காட்டினேன். ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, நடுவில் மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது? தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும்போது, தன்னிடம் கரைந்திருந்த உப்பையும் காற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஆக, ஐஸ் வெறும் தண்ணீர் இல்லை என்பது அவர் தினமும் பார்க்கிற விஷயம்தான்.

துருவப் பனியில் இருப்பது இன்னும் சுவாரசியமானது. கடல் உப்பு, பாலைவனத் தூசு, எரிமலையின் கந்தகம், காட்டுத்தீயின் கரி, கடல்பாசி விடும் வாயுவிலிருந்து வந்த அமிலம், தொழிற்சாலைப் புகையின் ஈயம், அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கத் துகள். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், விழுந்த ஆண்டின் வரிசைப்படி.

அப்போ கடல் தண்ணி உறைஞ்சுதான் இந்த ஐஸ் வருதா?

இல்லை. கடல் உறைந்து மேலே மிதக்கும் ஐஸ் வேறு, இது வேறு. இது வானத்திலிருந்து பனியாக விழுந்தது. கோடையிலும் முழுக்க உருகாத இடத்தில் போன வருடப் பனி மேல் இந்த வருடப் பனி விழும். மேலிருக்கும் பாரம் கீழே இருப்பதை அமுக்கும். பெரும்பாலான இடங்களில் 60 முதல் 100 மீட்டர் ஆழத்துக்குள் அது கெட்டி ஐஸ் ஆகிவிடுகிறது. இடுக்கில் இருந்த காற்று குமிழாக அடைபடுகிறது. ஐஸ் பார் மாதிரி உறைய வைத்தது அல்ல, அமுக்கி அமுக்கி ஆனது. அதனால்தான் உப்பு நடுவுக்குத் தள்ளப்படாமல் விழுந்த அடுக்கிலேயே கிடக்கிறது. (உருகாத வரை. அதைப் பிறகு சொல்கிறேன்.)

துருவத் தீவுன்னா எதெது? அங்க ஜனங்க இருக்காங்களா?

வடக்கில் நார்வேயின் ஸ்வால்பார்ட், ரஷ்யாவின் செவெர்னயா செம்லியா, ஃபிரான்ஸ் ஜோசஃப் லாந்து, கனடாவின் டெவன், எல்ஸ்மியர் தீவுகள். தெற்கில் அண்டார்டிகாவை ஒட்டி பெர்க்னர், ரூஸ்வெல்ட், ஜேம்ஸ் ராஸ். ஸ்வால்பார்டில் ஊர் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. மற்றவற்றில் பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்களும் பறவைகளும்தான்.

எனக்குப் பிடித்தது பூவே தீவு. தெற்கு அட்லாண்டிக்கில் தன்னந்தனியாக நிற்கும் எரிமலைத் தீவு, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பனி மூடியது. அண்டார்டிகக் கரையே அங்கிருந்து சுமார் 1,700 கிலோமீட்டர். 2016-17இல் அண்டார்டிகாவைக் கப்பலில் சுற்றிவந்த ஒரு குழு அங்கே இறங்கி, ஏறத்தாழ 14 மீட்டர் பனித்தண்டு எடுத்தது. 14 மீட்டர் என்று கேட்டதும் ‘இவ்வளவுதானா’ என்பார்கள். அந்தக் கடலில், அந்தக் காற்றில் இறங்கியதே பெரிய காரியம்.

கிரீன்லாந்தும் தீவுதானே மிஸ், அதை ஏன் விட்டுட்டீங்க?

எட்டாம் வகுப்புப் பையன். சரியான கேள்வி. கிரீன்லாந்து தீவுதான், உலகிலேயே பெரியது. ஆனால் அதன் பனி மூன்று கிலோமீட்டர் தடிமன் வரை போகிறது, நடுப்பகுதி கடலிலிருந்து வெகு தூரம். நடத்தையில் அது கண்டம். நான் பேசுவது கடல் நாலா பக்கமும் இடிக்கிற சின்னத் தீவுகளை.

போர்வெல் போடுற மாதிரியே துளை போடுவாங்களா?

பாதி அப்படித்தான். போர்வெல்லில் நமக்குத் துளைதான் வேண்டும், வெளியே வருகிற மண் வேண்டாம். இங்கே நேர்மாறு. அதனால் துளைக் கருவியின் உட்புறம் கூடாக இருக்கும். வாயில் வளையமாக வெட்டுக் கத்திகள். சுற்றிலும் வெட்டிக்கொண்டு இறங்க, நடுவில் இருக்கும் ஐஸ் உடையாமல் உள்ளே ஏறிக்கொள்ளும். விட்டம் பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் அளவு. ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு மீட்டர். கயிற்றில் மேலே தூக்கி, எடுத்து, மறுபடி இறக்க வேண்டும். பெர்க்னர் தீவில் பாறை தட்டும்வரை 948 மீட்டர் இப்படித்தான் போனார்கள். முடிந்தது 2005 ஜனவரியில்.

ஆழம் கூடினால் துளை தானாகவே நெருங்கி மூடப் பார்க்கும். நாம் கேசிங் பைப் இறக்குவோம், அவர்கள் உறையாத மண்ணெண்ணெய் வகைத் திரவத்தை ஊற்றி நிரப்பி வைப்பார்கள். அது வேதியியல் சோதனைக்குப் பெரிய தலைவலி. தண்டின் வெளிப்புறமெல்லாம் அந்த எண்ணெய்தான்.

ரிப்போர்ட்டுல பிபிபின்னு போட்டிருக்கீங்களே, அது எவ்வளவு?

நூறு கோடியில் ஒரு பங்கு. நம்ம ஊர் டேங்கர் லாரிக் கணக்கில் சொல்கிறேன். 12,000 லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் பொருளைப் போட்டுக் கலக்கினால் ஏறத்தாழ 83 பிபிபி. அண்டார்டிகாவின் நடுப்பகுதிப் பனியில் சோடியம் சில பத்து பிபிபிதான். கடல் தண்ணீரில் அதே சோடியம் ஒரு கோடி பிபிபிக்கு மேல். கடல் சூழ்ந்த தீவுகளின் பனி இந்த இரண்டுக்கும் நடுவில், சில சமயம் ஆயிரங்களில் வந்து நிற்கும். கருவிக்கு அது ‘அதிகம்’. சுத்த நீர் கலந்து நீர்க்கச் செய்துதான் ஏற்ற முடியும்.

எந்த மெஷின்ல பார்ப்பீங்க? என்னென்ன பார்ப்பீங்க?

நான் ஓட்டியது அயனிப் பிரிப்புக் கருவி, அயன் குரோமடோகிராஃப். (உப்பு நீரில் கரையும்போது பிரிகிற, மின்னேற்றம் உள்ள துகள்தான் அயனி.) உருகிய பனியைப் பிசின் மணிகள் அடைத்த குழாய் வழியே தள்ளும். ஒவ்வொரு அயனியும் அந்த மணிகளோடு ஒட்டி உறவாடும் அளவு வேறு. அதனால் குளோரைடு முன்னால் ஓடி வரும், நைட்ரேட் பிறகு, சல்ஃபேட் ஆடி அசைந்து கடைசியில். தனித்தனி மேடுகளாகத் திரையில் விழும். சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், அம்மோனியம் எல்லாவற்றுக்கும் இன்னொரு குழாய். ஈயம் போன்ற உலோகங்களுக்கு வேறு கருவி. அங்கே பனிநீரைப் பிளாஸ்மாச் சுடருக்குள் செலுத்தி, அணுக்களை எடை வாரியாகப் பிரிப்பார்கள்.

ஆக்சிஜனில் எடை கூடிய வகை எவ்வளவு என்றும் பார்ப்பார்கள், அது பழைய வெப்பநிலையைச் சொல்லும். எடை கூடிய ஆக்சிஜன் உள்ள நீர் சீக்கிரம் மழையாக இறங்கிவிடும். குளிர் கூடக்கூடத் துருவத்துக்குப் போய்ச் சேரும் பனி லேசாகிறது. வில்லி டான்ஸ்கார்ட் என்ற டென்மார்க்காரர் 1952இல் தன் வீட்டுத் தோட்டத்தில் பீர் பாட்டிலில் புனலைச் செருகி மழையைப் பிடித்துத்தான் இந்த வழியைத் தொடங்கினார். பெரிய ஆராய்ச்சிக்கெல்லாம் நமக்கு வசதி இல்லை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

எந்த வருஷத்து ஐஸுன்னு எப்படித் தெரியும்? சும்மா அடிச்சு விடுறீங்களா?

முதல் வழி எண்ணுவது. அண்டார்டிகக் கரையோரத்தில் குளிர்காலத்தில் கடல் உப்பு கூடும். கோடையில் பாசி பெருகி, அதிலிருந்து வரும் கந்தக அமிலங்கள் கூடும். தண்டு நெடுகச் சோதித்தால் இது ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். ஓர் ஏற்ற இறக்கம் ஓர் ஆண்டு. எண்ணும்போது ஒன்றிரண்டு தவறும், அதற்காக மைல்கல் வேண்டும். எரிமலைகள்தான் மைல்கல். 1815 தம்போரா வெடித்த கந்தகம் இரண்டு துருவத்திலும் கிடைக்கிறது. ஐஸ்லாந்தின் லாக்கி 1783இல் மாதக்கணக்கில் கக்கியது, அது வடக்குத் தீவுகளில் தெளிவாக நிற்கிறது. அதற்கும் கீழே 1257இல் லோம்போக் தீவின் சமலாஸ்.

இந்தக் காலத்துக்குக் குண்டுகள். 1961 அக்டோபரில் சோவியத் யூனியன் நோவயா செம்லியாவுக்கு மேல் வெடித்ததுதான் இதுவரை வெடித்ததிலேயே பெரிய குண்டு. வானில் நடந்த சோதனைகளின் கதிரியக்கம் வடக்குத் தீவுப் பனியில் உச்சத்தைத் தொடுவது 1963 அடுக்கில். ஸ்வால்பார்டில் 1986 செர்னோபிலும் பதிந்திருக்கிறது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அங்கே கோட்டை கட்டியது 1613. அதற்கு 13 ஆண்டு முன்னால், 1600இல், பெரு நாட்டில் வைனாபுட்டினா வெடித்தது. அந்தக் கந்தகமும் துருவப் பனியில் இருக்கிறது. கல்லறைக் கல்லில் வெட்டிய தேதியைக் கடற்காற்று அரிக்கும். அமிலத்தால் எழுதிய அந்தத் தேதி அப்படியே கிடக்கிறது.

ஆழமா போனா வயசும் அதிகம், அப்படித்தானே?

ஒரே துளைக்குள் அப்படித்தான். இரண்டு தீவுகளை ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். செவெர்னயா செம்லியாவின் கொம்சமோலெட்ஸ் தீவில் 1999 முதல் 2001 வரை பாறை வரைக்கும் 724 மீட்டர் துளைத்தார்கள். வயது சுமார் 3,000 ஆண்டுதான். ஜேம்ஸ் ராஸ் தீவில் 2008இல் எடுத்தது 364 மீட்டர், பாதிதான் நீளம். அது கடந்த பனியுகத்துக்குள் போகிறது.

ஆண்டுக்கு எவ்வளவு பனி விழுகிறது, கீழ் அடுக்குகள் எவ்வளவு நசுங்கியிருக்கின்றன, அந்தப் பனிக்கவிகை (நிலத்தைக் குடை மாதிரி மூடி நிற்கும் ஐஸ்) எப்போது வளரத் தொடங்கியது, எல்லாம் சேர்ந்துதான் வயது. கிழக்கு அண்டார்டிகாவின் நடுவில், வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் மட்டும் விழும் இடத்தில், 3,270 மீட்டரில் 8 லட்சம் ஆண்டுகள் கிடைத்திருக்கின்றன.

அப்போ அங்கேயே எடுக்கலாமே, இந்தச் சின்னத் தீவுக்கு எதுக்கு அல்லாடணும்?

நடுப்பகுதிப் பனி உலகத்தின் கதையைச் சொல்லும், பக்கத்துக் கடலின் கதையைச் சொல்லாது. கடல் ஐஸ் எவ்வளவு தூரம் பரவியது, காற்று எந்தப் பக்கம் வீசியது, புயல் கூடியதா என்பதெல்லாம் கரையில் இருப்பவனுக்குத்தான் தெரியும். மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு பழவேற்காடு முகத்துவாரம் எப்போது அடைபட்டது என்று சொல்ல முடியுமா?

தெற்குப் பெருங்கடலில் நிலமே மிகக் குறைவு. வானிலைப் பதிவுகளும் மிகக் குறைவு. பூவே மாதிரி ஒரு புள்ளியில் கிடைக்கிற 14 மீட்டரும் அங்கே சொத்து.

கந்தகம் எரிமலையில வந்துச்சா, கடல் உப்புல வந்துச்சான்னு எப்படிப் பிரிக்கிறீங்க?

வேலையின் உயிர்நாடி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடல் உப்பில் சோடியம் மட்டும் இல்லை, சல்ஃபேட்டும் இருக்கிறது. இறால் குட்டைக்காரர்களுக்கு உப்புத்தன்மை மழைக்கு மழை மாறும் என்று தெரியும். ஆனால் கடல் நீரில் ஒரு உப்புக்கும் இன்னொரு உப்புக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. எடைக் கணக்கில் சோடியம் 1 என்றால் குளோரைடு 1.8, சல்ஃபேட் 0.25, மெக்னீசியம் 0.12. ஆக, சோடியத்தை அளந்தால், கடலோடு வந்த சல்ஃபேட் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். மீதிதான் எரிமலை, பாசி, புகை.

ஏலக்கூடத்தில் இறாலை ஐஸோடு, கிரேட்டோடு நிறுத்து, பிறகு ஐஸுக்கும் கிரேட்டுக்கும் கழிப்பார்கள் அல்லவா, அதே வேலை. நிறைய இறாலும் கொஞ்சம் ஐஸும் இருந்தால் யாரும் சண்டை போட மாட்டார்கள். கிரேட் முழுக்க ஐஸ், அடியில் ஒரு கைப்பிடி இறால் என்றால்? தீவுப் பனி அந்த இரண்டாவது கிரேட்.

உதாரணத்துக்கு எண் போட்டுப் பார்க்கலாம். நடு அண்டார்டிகா மாதிரி ஓர் இடம்: சோடியம் 20, சல்ஃபேட் 100 பிபிபி. கடலின் பங்கு 5, மீதி 95. தீவு மாதிரி ஓர் இடம்: சோடியம் 4,000, சல்ஃபேட் 1,060. கடலின் பங்கு 1,000, மீதி 60. என் கருவி சோடியத்தில் நூற்றுக்கு மூன்று தவறினால் போதும், அந்த 60 என்பது 30 ஆகலாம், 90 ஆகலாம். சல்ஃபேட் அளவிலும் அதே பிழை சேரும். அதனால்தான் சின்ன எரிமலைகள் நடுப்பகுதித் தண்டில் தெரியும், தீவுத் தண்டில் உப்புக்குள் மூழ்கிவிடும். யாராவது தீவுத் தண்டில் வரிசையாக எரிமலை எண்ணிக் காட்டினால், சோடியம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

அந்த 0.25 எப்பவும் மாறாதா? கழிச்சா மைனஸ்ல வந்தா?

வரும். எனக்கே முதல் தடவை வந்தபோது கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். காரணம் கடல் ஐஸ். கடல் உறையும்போதும், நம் ஐஸ் பார் மாதிரியே, உப்பு வெளியே தள்ளப்படுகிறது. ஐஸின் மேல் அடர்ந்த உப்புநீர் கசிந்து நிற்கும். குளிர் மைனஸ் 6, 8 டிகிரியைத் தாண்டும்போது அதிலிருந்து சோடியம் சல்ஃபேட் படிகமாகிப் படிந்துவிடுகிறது. மிச்ச உப்புநீரில் சோடியம் இருக்கிறது, சல்ஃபேட் குறைந்துவிட்டது. அங்கிருந்து காற்று அள்ளிவரும் உப்புக்கு 0.25 பொருந்தாது. அதைப் போட்டுக் கழித்தால் இல்லாததைக் கழித்ததாகும், விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

எரிமலை தேடுபவருக்கு இது எரிச்சல். கடல் ஐஸ் தேடுபவருக்கு இதுதான் துப்பு: குளிர்கால அடுக்கில் மைனஸ் வந்தால், அந்த உப்பு திறந்த கடலிலிருந்து வரவில்லை, ஐஸின் முதுகிலிருந்து வந்தது.

அப்படின்னா உப்பு அதிகம்னா கடல் ஐஸ் அதிகமா, கம்மியா?

நேராகச் சொல்ல முடியாத கேள்வி. முன்பெல்லாம், கடல் ஐஸ் குறைந்தால் திறந்த கடல் பக்கத்தில் வரும், அலைச்சாரலும் கூடும், உப்பும் கூடும் என்று எடுத்துக்கொண்டார்கள். மேலே சொன்ன பதிலுக்குப் பிறகு அது கவிழ்ந்து போகிறது. ஐஸின் மேலிருந்தும் உப்பு வரும் என்றால், ஐஸ் கூடினாலும் உப்பு கூடும். இடத்துக்கு இடம் எது வலுவானது என்று பார்க்க வேண்டும், காற்றையும் சேர்த்து.

இன்னொரு சாட்சி மீத்தேன் சல்ஃபோனிக் அமிலம். கடற்கரை வாசனை என்கிறோமே, அதில் ஒரு பங்கு பாசி விடும் டைமெத்தில் சல்ஃபைடு. அது காற்றில் மாறி இந்த அமிலமாகிறது. கடல் ஐஸ் உடைகிற ஓரத்தில் பாசி பெருகும், ஆகவே இது கடல் ஐஸின் அளவைச் சொல்லும் என்பது கணக்கு. சில இடங்களில் பொருந்துகிறது, சில இடங்களில் காற்று கெடுக்கிறது. போதாததற்கு இந்த அமிலம் ஐஸுக்குள்ளேயே கோடை அடுக்கிலிருந்து குளிர் அடுக்குக்கு நகரும் குணமுள்ளது. ஒரு பொருளை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

தீவுல ஐஸ் உருகாதா? உருகினா கணக்கு போச்சே?

உருகும். தீவுப் பனிக்கவிகைகள் உயரம் குறைந்தவை, கடலின் சூடு பக்கத்தில். ஸ்வால்பார்டில் கோடையில் மேற்பரப்பு உருகி, நீர் கீழே இறங்கி, சில ஆண்டு அடுக்குகளைத் தாண்டியும் போய் மறுபடி உறையும். போகும்போது அயனிகளைக் கழுவிக்கொண்டு போகும். எல்லாம் ஒரே வேகத்தில் போவதில்லை. சல்ஃபேட்டும் மெக்னீசியமும் சீக்கிரம் கிளம்பும், சோடியமும் குளோரைடும் கொஞ்சம் தாமதிக்கும்.

இந்தத் தாமதமே அளவுகோல். கடல் நீரில் மெக்னீசியம் சோடியத்துக்கு 0.12 இருக்க வேண்டும் என்று முன்னே பார்த்தோம். ஓர் அடுக்கில் அது ரொம்பக் குறைந்திருந்தால், அங்கே தண்ணீர் புகுந்து மெக்னீசியத்தைத் திருடிக்கொண்டு போயிருக்கிறது. அந்த அடுக்கை வருடக் கணக்குக்கு நம்ப மாட்டோம், பத்தாண்டுச் சராசரிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். உருகி உறைந்த அடுக்கு குமிழ் இல்லாமல் தெளிவாக இருக்கும், கண்ணாலேயே தெரியும். ‘எத்தனை தெளிந்த அடுக்கு’ என்பதே அந்தக் காலக் கோடையின் சூட்டுக்கு ஒரு கணக்கு.

நீங்க தொட்டாலே உப்பு ஒட்டிக்காதா?

ஒட்டும். அதனால் வெளிப்புறத்தை யாரும் சோதிப்பதில்லை. மைனஸ் 20 டிகிரி அறையில் தண்டைச் சதுரக் கோல்களாக அறுத்து, ஓரத்தைச் சீவி எறிவோம். இன்னொரு முறையில் கோலை நிமிர்த்திச் சூடான உலோகத் தட்டின் மேல் நிறுத்துவார்கள். நடுவில் உருகும் நீர் மட்டும் கருவிக்குப் போகும், சுற்றி வழிவது சாக்கடைக்கு.

ஒவ்வொரு நாளும் பனியே இல்லாத சுத்த நீரை அதே குப்பி, அதே கத்தி, அதே கையுறை வழியே ஓட்டிப் பார்ப்போம். அதற்கு வெற்றுச் சோதனை என்று பெயர். அதில் வரும் உப்பு நம்முடையது, அதையும் கழிக்க வேண்டும். ஒருமுறை மூன்று வாரம் என் வெற்றுச் சோதனையில் மத்தியானத்துக்கு மேல் சோடியம் ஏறிக்கொண்டே போனது. தண்ணீரை மாற்றினேன், குழாயை மாற்றினேன், கருவிக்காரரை வரவழைத்தேன். கடைசியில் பார்த்தால், சறுக்கி விழும் மூக்குக்கண்ணாடியைக் கையுறையோடு அடிக்கடி மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். மூக்கோரத்து வியர்வை. நாற்பது குப்பிகளைக் கொட்ட வேண்டியதாயிற்று.

இந்த விஷயத்தில் என் சாமி கிளேர் பாட்டர்சன். பூமியின் வயதை ஈயத்தைக் கொண்டு கணித்தவர். தன் கூடத்துத் தூசியிலேயே ஈயம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, கூடத்தைத் துடைத்துத் துடைத்தே பெயர் வாங்கினார். அந்தச் சுத்தத்தோடு கிரீன்லாந்துப் பனியைச் சோதித்து, 1969இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கில், தொழிற்காலத்தில் ஈயம் எப்படி ஏறியது என்று தெரிந்தது. நம் குட்டைத் தண்ணீருக்கும் இதே சட்டம்தான்: கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தால் நான் சோதிப்பது உங்கள் குட்டையை அல்ல, அந்த பாட்டிலை.

கார்பன் டை ஆக்சைடு கணக்கும் இந்தத் தீவுலதான் எடுக்குறாங்களா?

வடக்குத் தீவுகளில் எடுத்தால் நம்ப முடியாது. உருகிய நீரில் அந்த வாயு தாராளமாகக் கரையும். தூசியில் உள்ள சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்து ஐஸுக்குள்ளேயே புதிதாகவும் உண்டாக்கும். கிரீன்லாந்துக்கே இந்தக் கோளாறு உண்டு. நீங்கள் கேள்விப்படும் 8 லட்சம் ஆண்டுக் கணக்கு அண்டார்டிகாவினுடையது.

இன்னொரு பொடி விஷயம். குமிழில் இருக்கும் காற்று சுற்றியுள்ள ஐஸைவிட வயதில் இளையது. அறுபது, எழுபது மீட்டர் இறங்கி இடுக்குகள் அடைபடும் வரை, மேலிருந்து காற்று வந்து போய்க்கொண்டுதானே இருக்கும்.

நம்ம ஊர் மருந்து, புகையெல்லாம் அங்க போகுமா மேடம்?

வடக்குத் தீவுகளுக்குப் போவது பெரும்பாலும் ஐரோப்பா, ரஷ்யாவின் புகை. செவெர்னயா செம்லியாவுக்குக் கீழே, சைபீரியாவில், நோரில்ஸ்க் என்ற நிக்கல் உருக்கும் நகரம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பனியில் கந்தகம் ஏறியதற்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளும் ஒரு காரணம். ஸ்வால்பார்டின் ஆஸ்ட்ஃபொன்னா பனிக்கவிகையில் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்து கிடைத்திருக்கிறது. நம்ம மருந்துக் கடையில் விற்கும் அதே பெயர்தான். வயலில் அடித்தது ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் இறங்குகிறது. அது எந்த நாட்டு வயல் என்று பனி சொல்லாது.

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் புகை?

ஏரியின் அந்தப் பக்கம் வெள்ளைக் கோடு ஏறும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். திட எரிபொருளில் அம்மோனியம் பெர்குளோரேட் இருப்பது உண்மை. பெர்குளோரேட் துருவப் பனியிலும் கிடைப்பது உண்மை. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். காற்றில் குளோரினும் ஓசோனும் வினைபுரிந்தே பெர்குளோரேட் உண்டாகும். ராக்கெட் பிறப்பதற்கு முந்தைய பனியிலும் அது இருக்கிறது.

அந்த ஐஸைக் குடிக்கலாமா?

துளைத் திரவம் படாத நடுப்பகுதி என்றால் நம் போர் தண்ணீரைவிடப் பல மடங்கு சுத்தம். தண்ணீரில் போட்டால் அமுங்கிக் கிடந்த காற்று படபடவென்று வெடிக்கும், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதை வெட்டி எடுக்க ஆன செலவை நினைத்தால் தொண்டையில் இறங்காது.

என் பொண்ணு கெமிஸ்ட்ரி படிக்குது. நம்ம நாட்டுல இந்த வேலை எங்க இருக்கு?

கோவாவில் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஸ்வால்பார்டின் நி-ஆலெசுண்டில் 2008 முதல் ஹிமாத்ரி என்ற நம் நிலையம். அண்டார்டிகாவில் மைத்ரியும் பாரதியும். பகுப்பாய்வு வேதியியலில் கை தேறியிருந்தால் கதவு திறக்கும். கை என்று சொல்வது கையைத்தான்: ஒரு மாதம் முழுக்க ஒரே மாதிரி குப்பி கழுவும் பொறுமை இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள்.

இன்னும் எத்தனை வருஷத்துக்கு அந்த ஐஸ் இருக்கும்?

ஐஸ் இருக்கும், எழுத்து இருக்குமா என்பதுதான் இப்போதைய கவலை. ஸ்வால்பார்டின் ஹோல்டெடால்ஃபொன்னாவில் 2012இல் எடுத்த தண்டில் கோடை, குளிர் ஏற்ற இறக்கம் தெரிந்தது. 2019இல் அங்கேயே எடுத்ததில் அது கலங்கிவிட்டது. உருகிய நீர் அடுக்கு தாண்டி இறங்கியதால்தான்.

2023இல் அதே பனிக்கவிகைக்கு இத்தாலியர் தலைமையில் ஒரு குழு போனது, அழிவதற்கு முன் தண்டுகளை எடுத்துப் பத்திரப்படுத்த. சுமார் 25 மீட்டரில் கருவி தண்ணீருக்குள் இறங்கியது. துருவத்தில், பனிக்கு நடுவில், குட்டை மாதிரி நின்ற தண்ணீர். இடத்தை மாற்றித் துளைத்து மூன்று தண்டுகள் எடுத்தார்கள். முதல் துளையில் நின்ற நீரில் பல ஆண்டுகளின் உப்பு ஒன்றாகக் கலந்திருக்கிறது. எதிலிருந்து எதைக் கழிப்பது?